நாலு பேர் கட்டு

மனுஷ முகத்தைப் படிப்பதில் பிலோமினாவை அடிச்சுக்க ஆள் கிடையாது என்று வியாசர்பாடியில் பேச்சு. ஊர் சொன்னதைவிட அவளே இன்னும் சத்தமாகச் சொல்லிக்கொள்வாள். மாநகரப் பேருந்தில் இருபத்திரண்டு வருஷமாக டிக்கெட் செக்கர். நிறுத்தத்தில் ஏறி ஒரு நோட்டம் விட்டால் போதும், அறுபது பேரில் டிக்கெட் எடுக்காத இரண்டு பேரையும் நேராகப் போய்த் தொட்டுவிடுவாள். "பயந்து உக்காந்திருக்கிறவனை வுட்டுடு. நீ கேட்கிறதுக்கு முன்னாடியே எவன் கையை நீட்டிக் காட்டுறானோ, அவன் டிக்கெட்டை வாங்கிப் பாரு. நேத்திக்கு எடுத்ததா இருக்கும்" என்று புதிதாக வருகிற செக்கர்களுக்குச் சொல்லுவாள். காகித டிக்கெட் ஒழிந்து போன் டிக்கெட் வந்து பதினைந்து வருஷம் ஆகியும் அந்தக் கணக்கை அவள் மாற்றிக்கொள்ளவில்லை.

அப்படிப்பட்டவளுக்குத்தான் ஒரு புதன்கிழமை காலை பத்தரை மணிக்கு, பெரம்பூர் பஸ் நிலையத்தில் இட்லியைப் பிட்டு வாயில் வைக்கும்போது, அந்தச் செய்தி வந்தது.

"உங்கள் கட்டுக்குத் தென் கொரியா, பூசான் ஆட்டத்தில் நான்கு இடம் ஒதுக்கப்பட்டுள்ளது. உங்கள் கட்டில் ஒருவர் ஆட்டம் முடிந்து நாடு திரும்பாமல் போவதற்கான வாய்ப்பு 78 சதவீதம். விரும்பினால் ஒருவரை நீக்கலாம். கெடு மூன்று நாள்."

பிட்ட இட்லியைத் தட்டிலேயே போட்டுவிட்டாள்.

இந்தக் கட்டு விவகாரம் என்ன என்று சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டில் நடக்கிற கால்பந்து ஆட்டத்துக்கு, விருந்தாளி நாட்டு ரசிகர்களுக்கென்று மைதானத்தில் ஒரு மூலையை ஒதுக்குவார்கள். முன்னெல்லாம் எத்தனை ஆட்டம் நேரில் பார்த்தாய் என்று புள்ளி கூட்டுவார்கள். புள்ளி அதிகம் உள்ளவருக்கு டிக்கெட். நாலு வருஷத்துக்கு முன்னால் ஓர் ஆட்டத்துக்குப் போன நம்மவர்களில் நாற்பத்தோரு பேர், கொடியையும் மேளத்தையும் நாற்காலியிலேயே போட்டுவிட்டு அந்த நாட்டுக்குள் கரைந்து போனார்கள். வேலை தேடித்தான், வேறெதற்கு? அன்றோடு தனி ஆளுக்கு டிக்கெட் என்கிற பேச்சே ஒழிந்தது. இனிமேல் நாலு நாலு பேராகத்தான் கேட்க வேண்டும். யார் பேரில் கட்டோ, செய்தியும் நீக்குகிற அதிகாரமும் அவருக்குத்தான்; இந்தக் கட்டு பிலோமினா பேரில். நாலு பேரும் ஒருத்தருக்கு ஒருத்தர் ஜாமீன். ஒருத்தர் திரும்பவில்லையா, மற்ற மூணு பேரும் பத்து வருஷத்துக்கு எந்த வெளிநாட்டு மைதானத்திலும் கால் வைக்க முடியாது. நாம் ஒருத்தரை நீக்கினாலோ, அவர் பேருக்கு எதிரில் 'கட்டு நீக்கம்' என்று குத்திவிடுவார்கள். அப்புறம் எந்தக் கட்டும் அவரைச் சேர்த்துக்கொள்ளாது, ஆயுசுக்கும்.

இடம் பிரித்துக் கொடுப்பது ஒரு மிஷின். அதற்குத் தீனி, ஆட்டத்தன்று ரசிகர்கள் மணிக்கட்டில் மாட்டிக்கொள்கிற வளையம். நாடித்துடிப்பு, நிற்கிற இடம், பக்கத்தில் நிற்கிற ஆள், எல்லாம் அதில் ஏறும். வியாசர்பாடியில் அதைக் காப்பு என்பார்கள்.

காப்பு விஷயத்தில் பிலோமினாவின் கட்டு கொஞ்சம் தில்லாலங்கடிதான். டூட்டி என்று யாராவது உள்ளூர் ஆட்டத்துக்கு வர முடியாமல் போனால், அவர் காப்பையும் சேர்த்து இன்னொருத்தர் மாட்டிக்கொண்டு போய்விடுவார். கட்டு வந்த பிறகும் புள்ளிக் கணக்கு ஒழியவில்லை, அது குறையக் கூடாதில்லையா? ஒருதரம் மூணு பேருக்குமே வேலை வந்துவிட, கஜபதி இரண்டு கையிலுமாக நாலு காப்பைப் போட்டுக்கொண்டு கல்யாணப் பெண் மாதிரி உட்கார்ந்து ஆட்டம் பார்த்தார். அதைச் சொல்லிச் சொல்லியே ஆறு மாசம் சிரித்தார்கள்.

கஜபதிக்கு ஐம்பத்தெட்டு வயசு. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். மைதானத்தில் மேளம் அவர் கையில். மனைவி போய் மூணு வருஷம். ஒரே மகன் சிங்கப்பூரில் இருக்கிறான், தீபாவளிக்கு மட்டும் போன் செய்வான். இரண்டாவது ஆள் யாழினி, தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ், இருபத்தேழு வயசு, நடுவரைத் திட்டுவதில் கெட்டிக்காரி. மூன்றாவது மீரான், ஏ.சி., ஃப்ரிட்ஜ் மெக்கானிக். பதினாலு வருஷமாகப் பாட்டுக்கு முதல் குரல் அவனுடையதுதான். இந்தத் தடவை மீரானுக்குத் தரையில் கால் நிற்கவில்லை. அவன் அக்கா மகன் ரியாஸ் இந்திய அணியில் லெஃப்ட் பேக்காகச் சேர்ந்து, முதல் முதலாக வெளிநாட்டில் ஆடப் போகிறான். ஐந்து வயசில் அவன் காலில் பந்தைத் தட்டிவிட்டதே மீரான்தான். வீரரின் குடும்பத்துக்கு இரண்டு பாஸ் கொடுப்பார்கள். அது அப்பா, அம்மாவுக்குப் போய்விட்டது. மாமன்காரனுக்குக் கட்டுதான் வழி.

அன்று மத்தியானமே வியாசர்பாடி மைதானத்துப் படிக்கட்டில் நாலு பேரும் கூடினார்கள். பிலோமினா செய்தியைப் படித்துக் காட்டினாள். படிக்கும்போது கண் மட்டும் மூணு முகத்திலும் ஓடிக்கொண்டிருந்தது.

"இன்னாம்மா இது, பேஜாரா கீது?" என்றார் கஜபதி. "யாருன்னு போடலியா?"

"போட மாட்டாங்களாம். தனிப்பட்ட விஷயமாம்."

"எழுபத்தெட்டா?" யாழினி போனை வாங்கித் தானே ஒருமுறை படித்தாள். "பெயில் ஆவாத மார்க்காச்சே."

யாரும் சிரிக்கவில்லை.

மீரான் சட்டென்று தன் போனை எடுத்தான். "அக்கா, இந்தா பாரு. ரிட்டர்ன் டிக்கெட் எடுத்துட்டேன். இது கடை வாடகைப் பத்திரம், இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு. இது எங்கம்மாவுக்குக் கண் ஆபரேஷன் தேதி, வந்த மூணாம் நாளு. எல்லாம் இருக்கு, பாரு."

பிலோமினா பார்த்தாள், போனை அல்ல. கேட்பதற்கு முன்னால் நீட்டிய அந்தக் கையைத்தான் பார்த்தாள். சேச்சே, நம்ம மீரானா என்று தன்னையே திட்டிக்கொண்டாள். ஆனாலும் பார்த்தது பார்த்ததுதான்.

"எல்லாரையும் நீ பார்க்கிறே, சரி" என்று கஜபதி மேளத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தார். "உன்னை யாரும்மா செக் பண்றது?"

விளையாட்டாகத்தான் சொன்னார். என்றாலும், எப்போதும் மேட்டுத்தெரு முனை வரைக்கும் ஒன்றாக நடக்கிறவர்கள் அன்று ஆளுக்கொரு பக்கம் போனார்கள்.

அடுத்த நாள் பிலோமினா லீவு போட்டாள். லீவு போட்டு என்ன செய்தாள் என்கிறீர்கள்? துப்புத் துலக்கினாள். சொல்லவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை. யாழினியின் ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்த அழுத்தம் பார்க்கிற சாக்கில் கூட வேலை செய்கிற பெண்ணிடம் பேச்சுக் கொடுத்தாள். யாழினி எட்டு மாசமாகக் கொரிய மொழி படிக்கிறாளாம். "நாடகம் பார்க்கிறதுக்குன்னு சொல்லுவா" என்று அந்தப் பெண் சிரித்தது. பிலோமினாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அங்கே நர்ஸுக்கு ஆள் தட்டுப்பாடு என்று எங்கேயோ படித்திருந்தாள். கஜபதியின் வீட்டுக்குப் போனால், மனுஷர் குளிருக்கென்று வாங்கின கோட்டைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நிற்கிறார். "இங்க எனக்கு யாரும்மா இருக்கா, சொல்லு" என்று வழக்கமாகச் சொல்கிறதைத்தான் அன்றைக்கும் சொன்னார். மூணு வருஷமாகக் கேட்ட வார்த்தை அன்றைக்கு வேறு மாதிரி காதில் விழுந்தது. ஆக, மூணு பேருமே ஓடிப்போகிறவர்களாகத் தெரிந்தார்கள்.

கடைசியாக மீரானின் கடை. தெருமுனையில் ஆட்டோ மறைவில் நின்று பார்த்தாள். மீரான் தன் டூல்ஸ் பெட்டியையும் கேஸ் சிலிண்டரையும் பக்கத்துக் கடைக்காரனிடம் தூக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தான். மெக்கானிக்குக்கு டூல்ஸ் பெட்டி என்றால் கை மாதிரி. திரும்பி வரப்போகிறவன் அதை எதற்குக் கொடுக்கிறான்? பிலோமினா ஆட்டோ மறைவை விட்டு வெளியே வந்தாள்.

"இன்னா மீரானு, கடையைக் காலி பண்றியா?"

"ஐய, இல்லக்கா. பத்து நாளு பூட்டிக் கெடந்தா எல்லாம் துருப்பிடிக்கும். அவன் யூஸ் பண்ணிட்டு இருக்கட்டுமேன்னு." சொல்லிவிட்டு அவன் அவளையே பார்த்தான். "நீ இன்னாக்கா இந்தப் பக்கம், டூட்டி இல்லியா?"

"சும்மா வந்தேன்" என்றாள். இரண்டு பேருக்கும் அது பொய் என்று தெரிந்தது.

மூணாம் நாள் காலையில் அவள் தாமோதரனைத் தேடிப் போனாள். கூட வேலை பார்த்த ஒரு கண்டக்டரின் மகன். டிக்கெட் பிரிக்கிற கம்பெனியில்தான் வேலை. தூக்கி வளர்த்த பையன் மாதிரி. ஆபீஸ் கான்டீனில் ஒரு டீயை வாங்கி முன்னால் வைத்துவிட்டு, "தாமு, ஒரே ஒரு பேரு. நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்" என்றாள்.

"பேரு எனக்கே தெரியாதுக்கா. ஸ்கிரீன்ல வர்றது எண்ணு மட்டும்தான்."

"எதை வெச்சு அந்த எண்ணு வருது?"

"எல்லாத்தையும் வெச்சுதான். யாரு எப்ப வர்றாங்க, யாரு கூட நிக்கிறாங்க, யாருக்குத் துடிப்பு எப்ப ஏறுது... கோடிக்கணக்கான விஷயம். இதுக்கு மேல பேசினா எனக்கு வேலை போயிடும்."

"சரி, நீ பேச வேணாம். நான் ஒரு பேரு சொல்றேன், நீ சும்மா இரு, போதும்." குரலைத் தாழ்த்தினாள். "மீரானா?"

தாமோதரன் தலையைக் குனிந்து டீயைக் கலக்க ஆரம்பித்தான். சர்க்கரை எப்போதோ கரைந்துவிட்டது. அவன் கலக்கிக்கொண்டே இருந்தான்.

பிலோமினாவுக்கு அது போதுமாக இருந்தது.

சாயங்காலம் நாலு மணிக்கு மறுபடி அதே படிக்கட்டு. இந்த முறை அவள் எதையும் படித்துக் காட்டவில்லை. டூல்ஸ் பெட்டியைச் சொன்னாள், முந்திக்கொண்டு நீட்டின போனைச் சொன்னாள். விசாரிக்க வேண்டிய இடத்தில் விசாரித்துவிட்டதாகவும் சொன்னாள். யாரிடம் என்று சொல்லவில்லை. கஜபதி மேளத்தின் வாரை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினார். யாழினி, 'எப்பா, நான் இல்லை' என்கிற நிம்மதி முகத்தில் தெரிந்துவிடக் கூடாதே என்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்க ரெண்டு பேருக்கும் வேற ஏதாச்சும் தோணுதுன்னா இப்பவே சொல்லுங்க" என்றாள் பிலோமினா.

தோன்றியிருக்கும். ஆனால் வாயைத் திறந்தால் விரல் தங்கள் பக்கம் திரும்பும் என்ற பயம் இருந்ததே.

மீரானுக்குக் கோபம் வரும், சண்டை போடுவான், அப்போது நாமும் கத்திவிடலாம் என்றுதான் அவள் தயாராக வந்திருந்தாள். அவன் கத்தவில்லை. முகம் மட்டும் சின்னதாகிவிட்டது.

"அக்கா" என்றான். "ரியாஸ் ஆடுறான்க்கா."

அவ்வளவுதான் சொன்னான். பிலோமினா போனை எடுத்து அவன் பேரை அமுக்கினாள். உறுதிதானா என்று கேட்டது, உறுதி என்றாள். 78 என்று இருந்த எண் கண் முன்னாலேயே கடகடவென்று இறங்கி 2-ல் வந்து நின்றது.

"பார்த்தீங்களா?" என்றாள். போனை மூணு பேர் பக்கமும் திருப்பினாள். "பார்த்தீங்களா, நான் சொல்லல?"

மீரான் அந்த எண்ணைப் பார்த்தான். மிஷினே சொன்ன பிறகு என்ன பேசுவது? எழுந்து போய்விட்டான். "கூடவே இருந்துக்கினு எப்டிப்பட்ட வேலை பார்த்துக்கிறான் பாரேன்" என்று கஜபதி சொல்லிப் பார்த்தார். சொன்னவருக்கே அது வாயில் ஒட்டவில்லை.

காலியான இடத்துக்கு வரிசையில் காத்திருந்த திருப்பூர்க்காரர் ஒருத்தரைப் போட்டார்கள். நல்ல மனுஷர்தான். ஆனால் விமான நிலையத்தில் சந்தித்ததிலிருந்து அரை மணிக்கு ஒருதரம் மூணு பேரையும் எண்ணிக்கொண்டே வந்தார். பூசானில் இறங்கினபோது அவரைப் பார்த்து மற்ற மூணு பேரும் எண்ண ஆரம்பித்திருந்தார்கள். யாழினி அறைக்கு வெளியே போனால் பிலோமினா கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். பிலோமினா குளியலறையில் கொஞ்சம் அதிக நேரம் இருந்தால் யாழினி கதவைத் தட்டினாள். கடைவீதியில் ஒரு கடைக்காரியிடம் யாழினி கொரிய மொழியில் இரண்டு வார்த்தை பேசினாள்; கஜபதி உடனே பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். "மாமா, பச்சை மிளகாய் வெலை கேட்டேன்" என்றாள் அவள், அழாத குறையாக.

ஆட்டம் மத்தியானம் இரண்டு மணிக்கு. நவம்பர் குளிர் எலும்புக்குள் இறங்கியது. மூலையில் ஆயிரத்து இருநூறு இந்தியர்கள். பார்த்தால் கும்பல், கேட்டால் சத்தமே இல்லை. பாட்டை எடுத்துக் கொடுக்க ஆள் இல்லாமல் கஜபதியின் மேளம் தனியாகத் தட்டிக்கொண்டிருந்தது. ரியாஸ் என்னமாய் ஆடினான் தெரியுமா! இடது பக்கமாக வந்த பந்து ஒன்றைக்கூடத் தாண்ட விடவில்லை. இரண்டுக்கு ஒன்று என்று தோற்றோம், ஆனாலும் தலை நிமிர்ந்து தோற்ற ஆட்டம் அது.

விசில் ஊதியதும் வீரர்கள் நம் மூலைக்கு வந்து கை தட்டினார்கள். ரியாஸ் மட்டும் கை தட்டிவிட்டுப் போகவில்லை. ஒரு கையை நெற்றிக்கு மேல் வைத்துக்கொண்டு வரிசை வரிசையாகப் பார்த்தான். கஜபதியின் மேளத்தைக் கண்டுபிடித்தான். அதற்குப் பக்கத்தில் யார் என்று பார்த்தான், திருப்பூர்க்காரர் கொடியை ஆட்டினார். இன்னொருதரம் பார்த்தான். மாமா எங்கே என்று கையால் கேட்டான். பிலோமினா குனிந்து ஷூ லேஸைக் கட்ட ஆரம்பித்தாள். கட்டி முடித்த லேஸை அவிழ்த்து மறுபடியும் கட்டினாள்.

ஐந்து மணிக்கு எல்லாரும் பஸ் பக்கம் வந்து காப்பைக் காட்ட வேண்டும். மூணு பேர் வந்துவிட்டார்கள், கஜபதியைக் காணோம்.

"மேளத்தை இங்கேயே வெச்சுட்டுப் போயிருக்காரு" என்றார் திருப்பூர்க்காரர்.

கொடியையும் மேளத்தையும் நாற்காலியில் போட்டுவிட்டுப் போன நாற்பத்தோரு பேர் பிலோமினாவின் ஞாபகத்துக்கு வந்தார்கள். ஐந்து நிமிஷம் ஆயிற்று. போன் செய்தாள், 'வேறு அழைப்பில் இருக்கிறார்' என்று வந்தது. யாரோடு பேசுகிறார்? இங்க எனக்கு யாரும்மா இருக்கா என்று சொன்ன ஆள். ஏழு நிமிஷம். யாழினி அவளையே பார்த்தாள். "அக்கா, பத்து வருஷம்க்கா" என்றாள். பழைய பிலோமினாவாக இருந்தால், 'பாத்ரூம் போயிருக்காருப்பா, இப்ப வந்துடுவாரு' என்று அதிகாரியிடம் சமாளித்திருப்பாள். ஒரு மணி நேரம்கூடச் சமாளித்திருப்பாள். அன்றைக்கு, ஒன்பதாவது நிமிஷத்தில், காப்பில் இருந்த 'ஆள் காணவில்லை' என்கிற சிவப்புப் பொத்தானை அமுக்கிவிட்டாள்.

மூணு நிமிஷத்தில் கூட்டி வந்துவிட்டார்கள். இரண்டு பக்கமும் இரண்டு போலீஸ்காரர்கள், நடுவில் புதுக் கோட்டோடு கஜபதி. கையில் பிடித்திருந்த போனை அணைக்கக்கூட நேரம் கொடுக்கவில்லை. வீரர்கள் வெளியே வருகிற வேலி ஓரமாக நின்று, வீடியோ காலில் ரியாஸை அவன் மாமனுக்குக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறார். போனில் மீரானின் முகம் இன்னும் இருந்தது.

"நீயா அமுக்கினே?" என்று கஜபதி கேட்டார். பேச்சில் 'அம்மா' சேர்க்காமல் அவர் பிலோமினாவிடம் பேசியது அதுதான் முதல் தடவை.

போனிலிருந்த மீரான் எல்லாவற்றையும் பார்த்தான். அப்புறம் அவன் பக்கமிருந்து படம் அணைந்தது. கஜபதியை மூணு மணி நேரம் உட்கார வைத்து விசாரித்துத்தான் அனுப்பினார்கள்.

ஊர் திரும்பினார்கள், நாலு பேரும் பத்திரமாக. கஜபதி அதன்பிறகு படிக்கட்டுப் பக்கம் வரவில்லை. யாழினி டூட்டி என்றாள். ரியாஸை அணி மேனேஜர் கூப்பிட்டு, 'உங்க மாமா ஓடிப்போகப் பார்த்தாராமே' என்று விசாரித்ததாகவும், அதைக் கேட்டு மீரானின் அக்கா தம்பியோடு பேச்சை நிறுத்திவிட்டதாகவும் தெருவில் பேசிக்கொண்டார்கள். பிலோமினா மீரானின் கடை இருக்கிற தெருவை விட்டு அடுத்த தெரு வழியாக வேலைக்குப் போய்வந்தாள்.

மூணு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை, டிப்போ வாசலில் தாமோதரன் வந்து நின்றான். வாயெல்லாம் பல்.

"அக்கா, உங்க கட்டுக்கு முதல் கிரேடு மார்க் போட்டிருக்காங்க! எல்லாரும் ஆள் காணோம்னு சொல்ல இருபத்தாறு நிமிஷம் எடுக்கிறாங்க, நீங்க ஒன்பது நிமிஷம். மத்த கட்டுங்களுக்கு நீங்க வந்து ஒரு நாள் வகுப்பு எடுக்கணும்னு எங்க மேனேஜர் ஆசைப்படறாரு."

"கஜாண்ணன் எங்கேயும் ஓடலியேடா. அப்பால எதுக்கு மார்க்கு?"

"அதனால என்னக்கா? நீங்க சொன்னீங்க இல்ல, அதான் முக்கியம்."

பிலோமினாவுக்கு என்னமோ இடித்தது. "தாமு, மீரானை எடுத்ததும் எழுபத்தெட்டு ரெண்டுக்கு எறங்கிச்சே. அப்ப அவன்தானே?"

தாமோதரன் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டான். "அது முடிஞ்சு போன விஷயம்க்கா."

"சொல்லுடா."

"யாழினியை எடுத்திருந்தாலும் ரெண்டுதான் வந்திருக்கும். உங்களை நீங்களே எடுத்திருந்தாலும் ரெண்டுதான்."

"அது எப்படிடா?"

"மிஷின் ஆளைப் பார்க்கிறதே இல்லக்கா, கட்டைத்தான் பார்க்குது. ஓடிப்போன நாற்பத்தோரு பேரையும் ஆராய்ச்சி பண்ணாங்க. ஒருத்தன்கூடத் தனியா ஓடல. கூட வந்தவங்க, 'இதோ வந்துடுவான், அதோ நிக்கிறான்'னு சொல்லிச் சொல்லி நேரம் வாங்கிக் குடுத்திருக்காங்க. அப்படிப் பொய் சொல்றது யாரு? ஒருத்தருக்கு ஒருத்தர் உசிரையே குடுக்கிறவங்க. உங்க கட்டுல ஒரே ஆளோட துடிப்பு நாலு காப்புலயும் மாறி மாறி ஏறியிருக்கு. அது மிஷினுக்கு முதல் நாள்லேருந்தே தெரியும். ஏமாத்துறீங்கன்னு அது எடுத்துக்கல. இவங்க ஒருத்தரை ஒருத்தர் காட்டிக்குடுக்க மாட்டாங்கன்னு எடுத்துக்கிச்சு. அதுக்குத்தான் எழுபத்தெட்டு. ஒருத்தரைத் தள்ளிட்ட கட்டுல மிச்ச பேரு அப்புறம் யாருக்காகவும் பொய் சொல்ல மாட்டாங்க. அதான் எண்ணு எறங்குது."

பிலோமினா ஓரடி கிட்டே வந்தாள். "யாரையும் தள்ளாம இருந்திருந்தா?"

"'விரும்பினால்'னுதானேக்கா போட்டிருந்துச்சு? அப்படியே போயிருப்பீங்க. நூத்தி எண்பது கட்டுக்கு அந்தச் செய்தி போச்சு. பதினொரு கட்டு பதிலே போடல. அந்த நாற்பத்து நாலு பேரும் போனாங்க, எல்லாரும் திரும்பி வந்துட்டாங்க."

"அன்னிக்கு நான் மீரானான்னு கேட்டேனே. ஏன்டா பாவி தலையைக் குனிஞ்சே?"

"நீங்க எந்தப் பேரைச் சொல்லியிருந்தாலும் குனிஞ்சிருப்பேன்க்கா" என்றான் அவன். இப்போது வாயில் பல் தெரியவில்லை. "என்னைத் தூக்கி வளர்த்தவங்க நீங்க. உங்க மூஞ்சியைப் பார்க்க முடியல."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, பதினோரு மணி வெயிலில், பிலோமினா மீரானின் கடைக்குப் போனாள். அவன் ஒரு ஃப்ரிட்ஜுக்குக் கேஸ் ஏற்றிக்கொண்டிருந்தான். உட்காரச் சொல்லவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை. அவள் நின்றபடியே எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள். தாமோதரன் சொன்னது, காப்பு, எழுபத்தெட்டு, பதினொரு கட்டு, ஒன்றையும் விடவில்லை. கடைசியில் அழுதேவிட்டாள். "உன் மேல ஒரு தப்பும் இல்ல மீரானு. இப்ப எனக்கு நல்லாத் தெரிஞ்சுபோச்சு. எங்க வேணாலும் வந்து சொல்றேன். ரியாஸ்கிட்ட சொல்றேன், உங்கக்கா கால்ல வேணா விழுறேன்."

மீரான் மீட்டரின் முள் நிற்கிற வரைக்கும் காத்திருந்தான். குழாயைக் கழற்றினான். துணியில் கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தான். அவன் முகத்தில் கோபம் இல்லை.

"அன்னிக்கு ஒரு மிஷின் சொல்லிச்சு, என்னை நம்பல. இன்னிக்கு அந்த மிஷினோட ஆளு வந்து சொல்லிட்டுப் போயிருக்கான், நம்புறேன்னு வந்து நிக்கிறே. சரி. அவன் வந்து சொல்லலேன்னா, நீ இன்னிக்கு இங்க வந்திருப்பியாக்கா?"

வந்திருப்பேன் என்று சொல்ல பிலோமினா வாயெடுத்தாள். பூசானிலிருந்து திரும்பி வந்து மூணு வாரத்தில் அவள் ஒருநாள்கூட வரவில்லை என்பது இரண்டு பேருக்குமே தெரியும்.